ரொமான்டிசிசம், கோதிக், யதார்த்தவாதம்: யாருக்கு யார் உறவு?

இலக்கியப் பேச்சில் மூன்று சொற்களை நாம் கொஞ்சம் தாராளமாகவே புழங்குகிறோம். ஒரு நாவல் பிடிக்கவில்லையா, "சுத்தக் கற்பனாவாதம்" என்று தள்ளிவிடலாம். பிடித்துவிட்டால் "யதார்த்தமா இருக்கு". இடிந்த பங்களாவும் நடுராத்திரியும் வந்தால் "கோதிக்". சரி, இவை மூன்றுக்கும் என்ன உறவு என்று கேட்டால் கைடு புத்தகப் பதில் ஒன்று கிடைக்கும்: முதலில் ரொமான்டிசிசம் வந்தது, கோதிக் அதன் கிளை, பிறகு யதார்த்தவாதம் வந்து இரண்டையும் ஒழித்தது.

அந்தப் பதிலில் ஆண்டுக்கணக்கே இடிக்கிறது. முதல் கோதிக் நாவல் வெளிவந்தது 1764இல். ஆங்கில ரொமான்டிசிசத்தின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படும் கவிதைத் தொகுப்பு வந்தது 1798இல். 34 வருஷம் முன்னாலேயே பிறந்துவிட்டதை எப்படிக் கிளை என்பது? ஒழித்த கதையும் சரியில்லை. யதார்த்தவாத நாவலின் பெரிய பெயர்களில் ஒருவரான ஜார்ஜ் எலியட், தன் நாவல் ஒன்றின் முகப்பில் ஒரு ரொமான்டிக் கவிஞரின் வரிகளைத்தான் போட்டுக்கொண்டார். ஒழிக்க வந்தவர் செய்கிற வேலையா அது?

ஜெர்மனியில் இந்தக் கதை வேறு மாதிரி நடந்தது, பிரான்சில் இன்னொரு மாதிரி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கினால் புதிதாகப் படிப்பவருக்குத் தலை சுற்றும். ஆகவே இங்கே இங்கிலாந்தைப் பிடித்துக்கொள்கிறேன். நடுவில் ஒரே ஒரு முறை பிரான்சுக்குப் போய்வருவோம்.

பூட்டிக் கிடக்கும் வீடு

ஊரில் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் அதைப் பற்றி எழுத வருகிறார்கள்.

முதல் ஆள் தெருவில் நின்று பார்க்கிறார். சுவரைப் பிளந்துகொண்டு அரசங்கன்று வளர்ந்திருக்கிறது. சின்ன வயதில் அந்தத் திண்ணையில் விளையாடியது நினைவுக்கு வருகிறது. இப்போது ஏன் மனசு இப்படிக் கனக்கிறது என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறார். வீட்டைவிட, அதைப் பார்க்கும் மனம்தான் அவருக்கு விஷயம்.

இரண்டாம் ஆள் ராத்திரியில் உள்ளே போகிறார். மாடியில் யாரோ நடக்கிற சத்தம். இந்தக் குடும்பம் எதையோ செய்து மறைத்திருக்கிறது, மறைத்தது வெளியே வரப் பார்க்கிறது என்று அவருக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் ஆள் பத்திர ஆபீசுக்குப் போய் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை வழக்கு. கல்யாணம் ஆகாமல் அந்த வீட்டிலேயே இருந்து இறந்துபோன ஓர் அத்தை. அவருக்கு யார் சோறு போட்டார்கள், அவர் பங்கை யார் எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று விசாரித்து எழுதுகிறார்.

முதல் ஆள் ரொமான்டிக், இரண்டாமவர் கோதிக், மூன்றாமவர் யதார்த்தவாதி. வீடு ஒன்றுதான். முக்கியமாக, மாடியில் நடக்கிற சத்தத்துக்கும் பத்திரத்தில் இருக்கிற கையெழுத்துக்கும் தொடர்பு இருக்கிறது. நடப்பது அந்த அத்தைதான்! இரண்டாம் ஆள் பயமாக உணர்வதை மூன்றாம் ஆள் கணக்காகக் கண்டுபிடிக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ரொமான்டிசிசம்: உள்ளே திரும்பிய பார்வை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்கும் காதல் படத்துக்கும் சம்பந்தம் குறைவு. காதல் வரலாம், வராமலும் போகலாம். ரொமான்டிசிசம் என்பது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் எழுந்து 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதிவரை ஓங்கியிருந்த ஓர் இயக்கம். தனிமனிதனின் அனுபவத்தையும் கற்பனையையும் இலக்கியத்தின் மையத்தில் வைத்தது அது. தமிழ் விமர்சனத்தில் கற்பனாவாதம், புனைவியல் என்றெல்லாம் சொல்வது இதைத்தான்.

அதற்கு முன் மையத்தில் என்ன இருந்தது? பொதுவான உண்மை. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1759இல் எழுதிய ஒரு கதையில், கவிஞன் பூவின் இதழில் எத்தனை கோடு என்று எண்ண வேண்டியதில்லை, எல்லாப் பூவுக்கும் பொதுவானதைச் சொன்னால் போதும் என்று ஒரு பாத்திரம் பேசும். படித்த, நாகரிகமான எவரும் ஒப்புக்கொள்ளும் கருத்தை, மெருகேற்றிய மொழியில், விதிகளுக்குள் நின்று சொல்வதே நல்ல கவிதை என்று கருதப்பட்ட காலம் அது. ரொமான்டிக்குகள் அந்தக் கோடுகளை எண்ணத் தொடங்கினார்கள். இந்தப் பூ, இந்த ஓடை, இந்த மலைச்சரிவில் இன்று நான் உணர்ந்தது, இவைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ஏன் அந்தச் சமயத்தில்? 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. இருபதைத் தாண்டிய வயதில் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் பிரான்சுக்கே போய் அதன் உற்சாகத்தை நேரில் பார்த்தார். புரட்சி பின்னால் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரமாகவும் போராகவும் மாறியபோது நொந்தும் போனார். அதே நேரம் இங்கிலாந்தில் பஞ்சாலைகள் பெருகிக்கொண்டிருந்தன. ஊர்ப் பொது நிலங்கள் வேலிபோடப்பட்டுத் தனியாருக்குப் போயின. சிறு விவசாயிகள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். மனிதன் ஒரு எண்ணாக, ஒரு கூலியாளாக மட்டும் பார்க்கப்பட்ட நேரத்தில், ஒவ்வொருவனுக்குள்ளும் ஓர் உலகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய தேவை வந்தது. அரசியலில் நடக்காமல் போன புரட்சியைக் கவிதையில் நடத்திப் பார்த்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். கொஞ்சம் மிகையாக இருந்தாலும் அடிப்படையில் அது சரிதான்.

இங்கே ஒரு பெரிய தவறான புரிதல் உண்டு. கவிதை என்பது ஆழமான உணர்ச்சி தானாகப் பொங்கி வழிவது என்று வேர்ட்ஸ்வொர்த் 1800இல் எழுதினார். எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ரொமான்டிசிசம் என்றால் உணர்ச்சியைக் கொட்டுவது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர் அங்கே நிறுத்தவில்லை. நீண்ட காலம் ஆழ்ந்து யோசித்தவனுக்குத்தான் அப்படிப்பட்ட கவிதை வரும் என்கிறார். பட்ட உணர்ச்சியைப் பிறகு அமைதியில் நினைவுகூர்ந்து பார்க்கும்போதுதான் கவிதை பிறக்கிறது என்கிறார். அதாவது ஆறப்போட்டு எழுதுவது. அழுதுகொண்டே எழுதுவதற்கு நேர் எதிர்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பொது உண்மையிலிருந்து தனிமனித அனுபவத்துக்கு இலக்கியத்தின் பார்வை திரும்பியதுதான் ரொமான்டிசிசம். இயற்கையும் உணர்ச்சியும் கற்பனையும் அதில் நிறைய வருவதற்குக் காரணம் அந்தத் திருப்பம்.

கோதிக்: செத்தும் சாகாத பழைய பாவம்

1764 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் ஒரு சிறிய நாவல் வந்தது. பெயர் "ஒட்ரான்டோ கோட்டை". 1529இல் அச்சான பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று முன்னுரை சொன்னது. எல்லாம் பொய். எழுதியவர் ஹோரஸ் வால்போல், முன்னாள் பிரதமரின் மகன், லண்டனுக்கு வெளியே டிவிக்கன்ஹாமில் இடைக்காலக் கோட்டை மாதிரி ஒரு வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தவர். புத்தகம் நன்றாக ஓடியதும், 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில், எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, அட்டையில் "ஒரு கோதிக் கதை" என்று சேர்த்தார். பெயர் அங்கிருந்து பிடித்துக்கொண்டது.

கதை இப்படி ஆரம்பிக்கிறது: கோட்டைத் தலைவன் மான்ஃப்ரெடின் மகனுக்குக் கல்யாணம். அன்று வானத்திலிருந்து மாபெரும் இரும்புத் தலைக்கவசம் ஒன்று விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிவிடுகிறது. இன்று படித்தால் சிரிப்பு வரும், எனக்கு வந்தது. ஆனால் கடைசியில் வெளிவரும் ரகசியத்தைக் கவனியுங்கள். மான்ஃப்ரெடின் தாத்தா, தன் எஜமானுக்கு விஷம் கொடுத்துக் கொன்று, பொய் உயில் தயாரித்து அந்தக் கோட்டையை அபகரித்தவர். தலைக்கவசமும் ஆவியும் வந்தது அதற்காகத்தான். உலகின் முதல் கோதிக் நாவலே ஒரு போலிப் பத்திர வழக்கு!

அதனால் கோதிக் என்பதற்கு நான் கொடுக்கும் விளக்கம் இது: முன்பு செய்து மறைத்த குற்றம், இப்போது பயமாகத் திரும்பிவருவதைச் சொல்லும் கதை. கோட்டை, சுரங்கப்பாதை, முகத்திரை, அணைந்துபோகும் விளக்கு எல்லாம் மேடைச் சாமான்கள். அவை மாறிக்கொண்டே இருக்கும். திரும்பிவருவது மட்டும் மாறாது.

1790களில் இது பெரிய சந்தையாகிவிட்டது. ஆன் ராட்க்ளிஃப் 1794இல் எழுதிய "உடால்ஃபோவின் மர்மங்கள்" நாவலில் பயமுறுத்துகிறவற்றுக்கெல்லாம் முடிவில் காரணம் கிடைத்துவிடும். கறுப்புத் திரைக்குப் பின்னால் நாயகி பார்த்து மயங்கி விழுந்தது ஒரு மெழுகுப் பொம்மை என்று பல நூறு பக்கம் தள்ளித்தான் தெரியும். 1796இல் வந்த மாத்யூ லூயிஸின் "துறவி" இதற்கு நேர்மாறு: அதில் பேயே நேரில் வரும், ரத்தம் ஓடும். இந்த இரண்டு வகைப் பயத்தையும் ராட்க்ளிஃபே பின்னால் ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டினார். என்ன வரப்போகிறதோ என்ற திகில் மனதை விரிக்கும். வந்ததைப் பார்த்த கோரம் மனதைச் சுருக்கி உறையவைக்கும். இன்றைய திகில் படங்களையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம், நன்றாகவே வேலைசெய்கிறது.

ஒரு கவிதையை எடுத்துவிட்டு இன்னொன்று வைத்த கதை

இப்போது இரண்டும் சந்திக்கிற இடத்துக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1797, 98இல் வேர்ட்ஸ்வொர்த்தும் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜும் சாமர்செட் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள். சேர்ந்து ஒரு தொகுப்பு போடுவது என்று பேசி, வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பிரிவினையைப் பற்றி கோல்ரிட்ஜ் 1817இல் எழுதிவைத்திருக்கிறார். தன் பங்கு அமானுஷ்யமான விஷயங்கள். அவை நிஜமாகவே நடந்தால் ஒரு மனிதனுக்குள் என்ன உணர்ச்சி எழுமோ, அதை உண்மையாகக் காட்ட வேண்டும். வேர்ட்ஸ்வொர்த்தின் பங்கு சாதாரண வாழ்க்கை. பழகிப்போனதால் நம் கண்ணில் படாமல் போகும் ஊரையும் ஆட்களையும் புதிதாகப் பார்க்கவைக்க வேண்டும்.

அந்தத் தொகுப்புதான் 1798இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்த "லிரிக்கல் பாலட்ஸ்". முதல் கவிதையே கோல்ரிட்ஜின் "பழைய மாலுமி": காரணமே இல்லாமல் ஒரு ஆல்பட்ரோஸ் பறவையைக் கொன்ற மாலுமி, செத்து விழுந்த சகாக்களுக்கு நடுவில் தனியாகத் தவிக்கும் பேய்க்கப்பல் கதை. அதே புத்தகத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் கிராமத்து ஏழைகள், குழந்தைகள், பைத்தியமாக அலையும் பெண்கள். ஒரே அட்டைக்குள் ஒரு பக்கம் கோதிக்கின் உலகம், மறுபக்கம் பின்னாளில் யதார்த்தவாதம் என்று அழைக்கப்படப்போகும் உலகம். இரண்டையும் பிணைத்தது, மனதுக்குள் என்ன நடக்கிறது என்ற ஒரே கேள்வி.

1800இல் இரண்டாம் பதிப்பு தயாரானது. கோல்ரிட்ஜ் "கிறிஸ்டபெல்" என்ற கவிதையைத் தருவதாக இருந்தார். நடுராத்திரிக் காட்டில் கிடைத்த ஒரு மர்மப் பெண்ணைக் கோட்டைக்குள் அழைத்துவரும் இளம்பெண்ணின் கதை, முழுக்க முழுக்கக் கோதிக். அவரால் அதை முடிக்க முடியவில்லை. தவிர, அதன் நடை தன் கவிதைகளோடு ஒட்டவில்லை என்று வேர்ட்ஸ்வொர்த் நினைத்தார். தொகுப்பிலிருந்து அது எடுக்கப்பட்டது. காலியான இடத்தை நிரப்ப வேர்ட்ஸ்வொர்த் புதிதாக ஒரு கவிதை எழுதினார். பெயர் "மைக்கேல்".

"மைக்கேல்" எண்பதைத் தாண்டிய ஓர் இடையரின் கதை. அண்ணன் தம்பி மகன் ஒருவனுக்காக அவர் ஜாமீன் நின்றிருக்கிறார். அவன் நொடித்துப்போனதும் சொத்தில் பாதி அளவு கடன் இவர் தலையில் விழுகிறது. பரம்பரை நிலத்தை விற்க மனமில்லை. ஒரே மகன் லூக்கைப் பட்டணத்துக்குச் சம்பாதிக்க அனுப்புகிறார். போகும் முன் ஓர் ஆட்டுப்பட்டிக்கு மூலைக்கல் வைக்கச் சொல்கிறார், லூக் வைக்கிறான். மகன் பட்டணத்தில் கெட்டு, கடல் கடந்து ஓடிவிடுகிறான். கிழவர் அந்தப் பட்டிக்கு அவ்வப்போது போகிறார். பல நாள் ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்காமல் திரும்பிவிடுகிறார் என்று ஊர் பேசிக்கொள்கிறது. பிறகு நிலம் அந்நியர் கைக்குப் போகிறது.

ரொமான்டிக் கவிஞர் எழுதிய கவிதையில் ஜாமீன் கையெழுத்தும் கடனும் பட்டணத்துக்குப் பிழைக்கப் போன பிள்ளையும்! வேர்ட்ஸ்வொர்த் இந்தப் பதிப்பை சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற அரசியல் தலைவருக்கு 1801இல் அனுப்பி, சொந்த நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் அழிந்துவருகிறார்கள், கவனியுங்கள் என்று கடிதமும் எழுதினார். "கற்பனாவாதம்" என்றால் மேகத்தில் மிதப்பது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கவிதையைப் படித்தால் போதும்.

அதே 1800ஆம் ஆண்டு முன்னுரையில் வேர்ட்ஸ்வொர்த் அந்தக் காலத்துப் பரபரப்பு நாவல்களையும் ஜெர்மன் நாடகங்களையும் திட்டித் தீர்க்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். கோல்ரிட்ஜும் "துறவி" நாவலைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர்தான். பிறகு அவரே "கிறிஸ்டபெல்" எழுதினார். கோதிக்கை வாசலில் நிறுத்திப் பேசிவிட்டுக் கொல்லை வழியாக உள்ளே விட்டார்கள். கவிதைக்கு மரியாதை, சந்தையில் விற்கும் நாவலுக்கு இல்லை என்ற சாதி வித்தியாசம் அதில் இருந்தது.

எடுத்த கவிதை போன வழி

"கிறிஸ்டபெல்" பதினாறு வருஷம் கையெழுத்துப் பிரதியாகச் சுற்றி, கடைசியில் கவிஞர் பைரனின் முயற்சியால் 1816இல் அச்சானது. அந்த வருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. முந்தைய ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் துகள்கள் வானத்தை மறைத்ததுதான் காரணம். ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா தியோதாத்தி என்ற வீட்டில் பைரன், அவருடைய மருத்துவர் போலிடோரி, பக்கத்தில் தங்கியிருந்த கவிஞர் பெர்சி ஷெல்லி, அவருடன் வந்த 18 வயது மேரி, மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர் எல்லோரும் மழையால் அடைந்து கிடந்தார்கள். பேய்க்கதைகள் படித்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பைரன் சொன்னார். ஒரு ராத்திரி அவர் "கிறிஸ்டபெல்" வரிகளைச் சொல்ல, ஷெல்லி அலறிக்கொண்டு மெழுகுவர்த்தியோடு அறையைவிட்டு ஓடினார் என்று போலிடோரி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அங்கே தொடங்கியதுதான் மேரி ஷெல்லியின் "ஃபிராங்கன்ஸ்டைன்". 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. அதில் பேய் கிடையாது, கோட்டை கிடையாது. ஒரு மாணவனும் ஓர் ஆய்வுக்கூடமும்தான். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவன் பெயர் (படைக்கப்பட்டதற்குப் பெயரே இல்லை, இது இன்னொரு பரவலான குழப்பம்). உயிர் வந்த கணத்தில் அதன் முகத்தைப் பார்த்து அருவருத்து ஓடிவிடுகிறான். கைவிடப்பட்டது வளர்கிறது, மொழி கற்கிறது, மில்டனின் காவியத்தைப் படிக்கிறது, அன்பு கேட்கிறது, கிடைக்காமல் கொலை செய்கிறது. செய்து மறைத்தது திரும்பிவரும் கோதிக் சூத்திரம் இங்கே அப்படியே இருக்கிறது. ஆனால் பயமுறுத்துகிற ஜந்து நம்மிடம் தன் மனதைத் திறந்து பேசுகிறது. அந்தப் பேச்சு ரொமான்டிசிசம் கொடுத்தது. கதையைச் சொல்லும் கப்பல் பயணியின் கடிதத்தில், நான் ஆல்பட்ரோஸைக் கொல்லமாட்டேன் என்று ஒரு வரியும் வருகிறது. கோல்ரிட்ஜின் மாலுமியை மேரி மறக்கவில்லை.

வைத்த கவிதை போன வழி

இன்னொரு வழி "மைக்கேல்" போன வழி. 1861இல் ஜார்ஜ் எலியட் "சைலஸ் மார்னர்" நாவலை வெளியிட்டபோது அதன் முகப்பில் போட்ட வரிகள் "மைக்கேல்" கவிதையிலிருந்து எடுத்தவை. வயதானவனுக்கு ஒரு குழந்தை கொண்டுவரும் நம்பிக்கை பற்றிய வரிகள் அவை. திருட்டுப் பழி சுமந்து ஊரைவிட்டு வந்த ஒரு நெசவாளி, தங்கக் காசைச் சேர்த்துவைத்து அதைப் பறிகொடுத்து, அது இருந்த இடத்தில் தங்கநிற முடியுள்ள ஓர் அநாதைக் குழந்தையைக் கண்டெடுக்கும் கதை. வேர்ட்ஸ்வொர்த் இறந்துவிட்டதால் தன்னைத் தவிர வேறு யாருக்கும் இது பிடிக்காது என்று நினைத்ததாகப் பதிப்பாளருக்கு எலியட் எழுதினார்.

எலியட்டைப் போன்றவர்கள் எழுதியதைத்தான் யதார்த்தவாதம் என்கிறோம். சாதாரண மனிதர்களின் வாழ்க்கையை, அவர்களைச் சுற்றியுள்ள பணம், தொழில், சட்டம், குடும்பம், ஊர் வழக்கம் ஆகியவற்றோடு சேர்த்து, இப்படி நடந்திருக்கும் என்று நம்பும்படி காட்டும் முறை அது. உண்மையைப் படம்பிடித்துக் காட்டுவது என்று இதைப் புரிந்துகொள்வது தப்பு. யதார்த்தவாத நாவலும் கற்பனைதான், தேர்ந்தெடுத்துக் கட்டியதுதான்.

எளியவனின் துக்கமும் ராஜாவின் துக்கத்துக்குச் சமமாக இலக்கியத்தில் இடம்பெறலாம் என்ற துணிவு யதார்த்தவாதத்துக்கு எங்கிருந்து வந்தது? என் கணக்கில், பெரும்பகுதி ரொமான்டிக்குகளிடமிருந்து. அப்புறம் ஏன் சண்டை? யதார்த்தவாதிகள் எதிர்த்தது ரொமான்டிசிசம் மலிந்து வாடிக்கையாகிப்போன வடிவத்தை. பிரான்சில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். குஸ்தாவ் ஃப்ளாபேர் இளமையில் புனித அந்தோணியாரின் மாயக்காட்சிகளை வைத்து ஒரு பெரும் படைப்பு எழுதி, 1849இல் இரண்டு நண்பர்களுக்கு நாலு நாள் வாசித்துக் காட்டினார். நெருப்பில் போடு என்றார்கள். பிறகு எழுதியது "மதாம் பொவாரி". மடத்துப் பள்ளியில் காதல் நாவல்களாகப் படித்துத் தள்ளிய எம்மா என்ற பெண், அந்தப் புத்தக வாழ்க்கையை ஒரு நாட்டுப்புற டாக்டரின் வீட்டில் தேடி, கடனில் மூழ்கி விஷம் குடிக்கிறாள். ஒழுக்கக்கேடு என்று 1857இல் வழக்குப் போட்டார்கள், விடுதலையானார். அவர் கிண்டல் செய்த எம்மாவின் ஏக்கம் அவருக்குள்ளும் இருந்தது. அதனால்தான் அவளை அவரால் அவ்வளவு நெருக்கமாக எழுத முடிந்தது என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு நொடி நின்று பார்த்தால்: கோதிக் முன்னால் பிறந்தது. ரொமான்டிசிசம் அதற்கு ஒரு மனதைக் கொடுத்தது. எளிய மனிதர் மீதான ரொமான்டிக் அக்கறை யதார்த்தவாதத்துக்குப் போனது. இரண்டு வழியும் ஒரே தொகுப்பைத் தொட்டுப் போயின. கோதிக்கும் யதார்த்தமும் சந்திப்பதுதான் பாக்கி.

சலவைக் கணக்கும் பூட்டிய அறையும்

அந்தச் சந்திப்பை முதலில் நகைச்சுவையாக எழுதியவர் ஜேன் ஆஸ்டின். "நார்த்தாங்கர் அபே" 1790களின் கடைசியில் எழுதப்பட்டு, அவர் இறந்த பிறகு 1817 டிசம்பரில் வந்தது. கேத்தரின் என்ற 17 வயதுப் பெண் ராட்க்ளிஃபைப் படித்துவிட்டு ஒரு பழைய மாளிகைக்கு விருந்தாளியாகப் போகிறாள். புயலடிக்கும் ராத்திரியில் பழைய அலமாரிக்குள் சுருட்டிய காகிதங்கள் கிடைக்கின்றன. விளக்கு அணைந்துவிடுகிறது. காலையில் பார்த்தால் அது சலவைக் கணக்கு. வீட்டுத் தலைவர் ஜெனரல் டில்னி மனைவியைக் கொன்றிருப்பார் என்று சந்தேகப்பட்டு அதிலும் மூக்குடைபடுகிறாள்.

கோதிக்கைக் கேலிசெய்யும் நாவல் என்று இங்கேயே முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. கேத்தரினுக்குப் பெரிய சொத்து இல்லை என்று தெரிந்ததும் அதே ஜெனரல் அவளை விடியற்காலையில், துணைக்கு ஆள்கூட இல்லாமல், எழுபது மைல் தூரம் வீட்டுக்குப் போ என்று வெளியே அனுப்புகிறார். கொலைகாரன் இல்லை, ஆனால் அவரைக் கெட்டவர் என்று சந்தேகித்ததில் அவள் அவ்வளவொன்றும் தவறவில்லை என்று ஆஸ்டினே சொல்கிறார். பயம் சரி, காரணம்தான் வேறு: பணம்.

முப்பது வருஷம் கழித்து 1847இல் சார்லட் பிராண்டே "ஜேன் அயர்" எழுதினார். மூன்றும் ஒரே நாவலில் எப்படி இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. அநாதைப் பெண் ஒருத்தி "நான்" என்று தன் மனதைச் சொல்வதும், நெடுந்தூரத்திலிருந்து காதலனின் குரல் அவளுக்கு மட்டும் கேட்பதும் ரொமான்டிசிசம். தார்ன்ஃபீல்டு மாளிகையின் மூன்றாம் மாடியில் ராத்திரியில் கேட்கும் சிரிப்பு, தீப்பிடிக்கும் படுக்கை, கல்யாணத்துக்கு முன் கிழிக்கப்படும் முகத்திரை, இவை கோதிக்.

இப்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். மாளிகையின் சொந்தக்காரரும் ஜேனின் காதலருமான ராச்செஸ்டரின் அப்பாவுக்குச் சொத்தைப் பிரிக்க மனமில்லை, எல்லாவற்றையும் மூத்த மகனுக்கே எழுதினார். இளையவனான ராச்செஸ்டர் ஏழையாகவும் இருக்கக் கூடாது. ஆகவே ஜமைக்காவில் தோட்டம் வைத்திருந்தவரின் மகள் பெர்த்தாவை, 30,000 பவுன் சீதனத்துக்காக அவனுக்குக் கட்டிவைத்தார். அந்தக் காலச் சட்டப்படி மனைவியின் பணம் கணவனுக்குச் சேரும். அவளுக்கு மனநிலை சரியில்லாமல் போனால் அதைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கவும் முடியாது. பணம் கணவனிடம், அவள் மாடியறையில். ஜேன் அதே வீட்டில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வருஷத்துக்கு 30 பவுன் சம்பளம் வாங்குகிறாள். மேலே கேட்ட சிரிப்புக்குப் பின்னால் இருந்தது ஒரு சீதன ஒப்பந்தம், சர்க்கரைத் தோட்டத்து அடிமைகளின் உழைப்பில் விளைந்த பணம். பிராண்டே இந்தக் கடைசிப் பகுதியை அழுத்திச் சொல்லவில்லை. அதைச் சொல்ல 1966இல் ஜீன் ரிஸ், பெர்த்தாவின் பக்கத்திலிருந்து ஒரு நாவலே எழுத வேண்டியிருந்தது.

டிக்கன்ஸும் இதைத் தெரிந்தே செய்தார். 1850களில் வந்த "பிளீக் ஹவுஸ்" நாவலில் தலைமுறை தலைமுறையாக ஆட்களை விழுங்குவது பிசாசு இல்லை, உயில் வழக்கு ஒன்றை முடிக்காமல் இழுத்தடிக்கும் நீதிமன்றம். பழகிப்போன விஷயங்களின் ரொமான்டிக் பக்கத்தை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டேன் என்று முன்னுரையில் எழுதினார். கோல்ரிட்ஜ் சொன்ன வேர்ட்ஸ்வொர்த்தின் பங்கு கிட்டத்தட்ட இதேதான்.

தமிழில் ஒரு குறிப்பு

பாரதி ஷெல்லியின் மீதுள்ள பற்றால் "ஷெல்லிதாசன்" என்று புனைபெயர் வைத்துக்கொண்டது பலருக்குத் தெரியும். புதுமைப்பித்தன் மேரி ஷெல்லியின் நாவலை "பிரேத மனிதன்" என்று தமிழில் தந்தது அவ்வளவு பேருக்குத் தெரிவதில்லை. நகரத்து ஏழைப்பெண்ணைப் பற்றிய "பொன்னகரம்" எழுதிய அதே கைதான் அமானுஷ்யக் கதையான "காஞ்சனை"யையும் எழுதியது. அவரை யதார்த்தவாதி என்பதா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.

எங்கே தொடங்குவது

கவிதை ஒத்துவராது என்றால் நேராக "நார்த்தாங்கர் அபே"க்குப் போகலாம், சிறியது, சிரிக்கவும் வைக்கும். "ஒட்ரான்டோ கோட்டை"யை வரலாற்றுக்காக மட்டும் படியுங்கள். "மைக்கேல்" ஐந்நூறு வரிக்குள் முடிந்துவிடும், ஒரு மாலை போதும். "ஃபிராங்கன்ஸ்டைன்" வாங்கும்போது மட்டும் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1818 பதிப்பை மேரி ஷெல்லி 1831இல் திருத்தினார். திருத்தியதில் விக்டர் விதியின் கையில் அகப்பட்டவனாகக் கொஞ்சம் மாறிவிடுகிறான். முதல் பதிப்பில் பழி அவன் தலையிலேயே இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அந்த மழைக்கால வீட்டின் கதையை அவரே சொல்லும் முன்னுரை 1831 பதிப்பில்தான் வரும், அதை மட்டும் தேடிப் படித்துவிடுங்கள்.